கிணற்று ஜலப் பரிசோதனையும் மாதிரி எடுக்கும் முறையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் ரஸ்தாவுக்கும் உப்பனாற்றுக்கும் இடையே 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ரசாயனப் பொருள்கள், சாயம், மருந்து முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் அங்கே அமைந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு முதலிய கிராமங்கள் அவற்றை அடுத்துள்ளன. 2009-ம் வருஷத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசத்தின் தொழிற்பிரதேசங்களை மதிப்பிட்டபோது கடலூருக்கு 100-க்கு 77.45 என்ற எண் கிடைத்தது. 70-க்கு மேற்பட்டவை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்பது வாரியத்தின் கணக்கு. மணற்பாங்கான பூமியில் விழும் கழிவு எளிதில் கீழிறங்கி ஊற்றுகளைச் சேருமாதலின், கிணற்று ஜலத்தைக் காலந்தவறாது பரிசோதித்து வருதல் அவசியமாகும்.

நாவும் கண்ணும் போதா: குடிஜலத்தில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. இது பத்துக் கோடியில் ஒரு பங்கு. தெளிந்து ருசியாயுள்ள ஜலத்திலும் இது இருக்கக்கூடும். காய்ச்சுவதால் கிருமிகள் மடியுமேயன்றி உலோகங்கள் நீங்கா. ஜலம் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு மிகும்.

எக்கிணறுகளைத் தெரிவது: நிலத்தடி ஜலம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது. இப்பகுதியில் பொதுவாகக் கிழக்கே கடலை நோக்கிச் செல்லும். பெரும் இறைப்பு நடக்குமிடத்தில் திசை மாறுவதுமுண்டு. முக்கோணமாய் அமைந்த மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்து, கிணற்று வாய்களின் உயரத்தையும் கணக்கிற்கொண்டால் திசை விளங்கும். ஆலைக்கு மேல்மடையில் ஒரு கிணறேனும், கீழ்மடையில் இரண்டு மூன்றும் வேண்டும். மேல்மடைக் கிணறு இல்லாத பரிசோதனையில் ஒப்பிட ஆதாரமில்லை.

மாதிரி எடுத்தல்: குழாய்க் கிணற்றில் தேங்கிய ஜலம் ஊற்றின் உண்மையைக் காட்டாது. முதலில் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, குழாயிலுள்ள ஜலத்தைப்போல் மூன்று மடங்கு இறைத்துவிட வேண்டும். 15 செண்டிமீட்டர் குறுக்களவும் 20 மீட்டர் நீருயரமுமுள்ள குழாயில் சுமார் 353 லிட்டர் நிற்கும். ஆகவே 1,060 லிட்டர் வரை இறைத்தல் வேண்டும். மின்கடத்து திறனும் கார அமில நிலையும் அடுத்தடுத்த அளவுகளில் மாறாது நின்றபின் மாதிரி பிடிக்கலாம்.

உலோகப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில், சோதனைச்சாலையார் தரும் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும். கலங்கிய ஜலமாயின் அமிலம் சேர்ப்பதற்கு முன் வடிகட்டுக. இல்லையேல் மண்ணிலுள்ள உலோகமும் கரைந்து கணக்கைக் கெடுக்கும். ஆவியாகும் ரசாயனங்களுக்குப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், குமிழியும் நில்லாதபடி விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து விரைவில் அனுப்புதல் வேண்டும். புட்டியில் கிராமம், சர்வே நம்பர், ஆழம், தேதி, மணி, எடுத்தவர் பெயர் ஆகியவை இருத்தல் வேண்டும். புட்டி கைமாறுந்தோறும் கையெழுத்து வாங்குக. இவையில்லாத முடிவு, விவகாரம் வந்தவிடத்து ஆதாரமாக நில்லாது.

முடிவைப் படித்தல்: உப்பு மிகுந்ததென்பதால் மட்டும் ஆலைக் கழிவென்று தீர்மானித்தல் கூடாது. உப்பனாற்றில் கடல் ஏற்றம் பாய்கிறது. சிதம்பரத்தை அடுத்த கடலோரத்திலும் ஆலைச் சம்பந்தமின்றியே உவர்ப்புள்ள கிணறுகள் உண்டு. கடல் ஜலத்திலோ மண்ணிலோ இயல்பாக இல்லாத ரசாயனங்கள் காணப்படின், அவை கழிவைச் சுட்டும். பாசனத்தில் மின்கடத்து திறன் 2,250 மைக்ரோ சீமென்ஸுக்கு மேற்பட்ட ஜலம் சாதாரணப் பயிர்களுக்கு ஏற்றதன்று.

ஒரு பரிசோதனையால் யாதும் நிச்சயமாகாது. வருஷந்தோறும் வைகாசியில் கோடையின் முடிவிலும், தையில் வடகிழக்குப் பருவமழை நின்றபின்னும் அதே கிணறுகளில் எடுத்துவருதல் நலம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதற்கென ஒரு புஸ்தகம் வைத்து முடிவுகளைப் பதிந்து வருவார்களாயின், எக்கிணறு குடிக்கத்தக்கது, எது பாசனத்துக்கு மட்டும் உரியது, எதை மூடவேண்டும் என்பதை ஊரார் வதந்தியின்றி அறிவர். நிலமுடையோர் நியாயம் கோருமிடத்தும் அப்புஸ்தகமே சாக்ஷியாகும்.