நாய்க்கு வெள்ளி நீர் கொடுக்கலாமா?

மண் பரிசோதனை முடிவைக் கேட்க வந்த விவசாயி ஒருவர், பேச்சோடு பேச்சாகத் தன் தோட்டத்து நாய்க்குட்டி இறந்துபோனதைச் சொன்னார். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். வாட்ஸ்அப்பில் வந்த தகவலை நம்பி மூன்று நாள் ‘சில்வர் வாட்டர்’ கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

நான் கால்நடை மருத்துவன் அல்ல, உழவியல் படித்தவன். ஆனால் கூழ்மம் எங்கள் பாடத்தில் உள்ளதுதான். கலங்கிய நீரில் அடியில் படியாமல் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள் ஒரு கூழ்மம். பாலும் கூழ்மமே. அதேபோல வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் நீர்தான் இந்தச் சில்வர் வாட்டர்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய்யல்ல. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை நாய்களின் புண்ணுக்கும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். அது மேலே பூசுவது. உள்ளே கொடுப்பது வேறு கதை. கரைந்த வெள்ளி, இரைப்பை அமிலத்திலுள்ள குளோரைடுடன் சேர்ந்து எளிதில் கரையாத சில்வர் குளோரைடாகிறது. மிஞ்சுவது புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. குடலைத் தாக்கும் பார்வோ வைரஸை அது விரட்டும் என்பதற்குச் சான்று கிடையாது.

தொடர்ந்து கொடுத்தால் வெள்ளி உடம்பில் தங்கும். இதை ஆண்டுக்கணக்கில் குடித்த மனிதர்களுக்குத் தோல் சாம்பல் நீலமாக மாறி, பிறகு பழைய நிறம் திரும்பவே இல்லை. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் உடம்பில் சேர்வதையும் வெள்ளி தடுக்கக்கூடும். கூழ்ம வெள்ளி கலந்த மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது. பேட்டரியில் இரண்டு வெள்ளிக் கம்பியை மாட்டி வீட்டிலேயே தயாரிப்பவர்களும் உண்டு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. பூச்சிமருந்தை அளக்காமல் டேங்கில் ஊற்றுவீர்களா?

பார்வோ வந்த குட்டியைப் பெரும்பாலும் கொல்வது நீரிழப்பு. ரத்தக் கழிச்சல் கண்ட அன்றே குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றினால் பல குட்டிகள் தேறிவிடும். அந்த முதல் ஒன்றிரண்டு நாளைத்தான் வெள்ளி நீர் தின்றுவிடுகிறது. அது நஞ்சா இல்லையா என்ற கேள்வியைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் பார்வோ தடுப்பூசி போடுங்கள். பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு ‘போட்டும் வந்துவிட்டதே’ என்பவர்கள் நம்மில் அதிகம்.

ஏற்கெனவே வெள்ளி நீர் கொடுத்திருந்தால், அதை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.