விற்கப்பட்ட படை: கோமகன் கார்ல் ஓய்கனின் குடும்பமும் எமது தீவும்

அரச குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் பிறப்பு, மணம், ஆட்சி, இறப்பு என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. அவ்வாழ்வுக்கான செலவை இறுத்தோர் யாவர் என்னும் வினா அங்கு எழுவதில்லை. தென்மேற்கு ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் நாட்டை 1744 முதல் 1793 வரை ஆண்ட கோமகன் கார்ல் ஓய்கனின் வாழ்வை இவ்வினாவுடன் அணுகின், அது ஸ்ருட்காட் அரண்மனையில் தொடங்கி இலங்கையின் ஒல்லாந்தர் கோட்டைகள்வரை நீள்வதைக் காண்கிறோம்.

1728இல் பிரசல்ஸ் நகரிற் பிறந்த அவர், ஒன்பதாம் வயதிலே தந்தையை இழந்து, பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையிற் பயின்று, பதினாறாம் வயதிலே ஆட்சியேற்றார். 1748இல் அம்மன்னனின் சகோதரி மகள் எலிசபெத் பிரெடெரிக்காவை மணந்தார். கணவனின் ஒழுக்கக்கேட்டைப் பொறாத அவ்வம்மையார் 1756இல் தாய்வீடு திரும்பினார். அவர்களின் ஒரே மகள் குழந்தையாகவே இறந்தாள். 1780இல் மனைவி மறைந்தபின், நெடுநாள் துணைவியான பிரான்சிஸ்காவைக் கோமகன் 1785இல் மணந்தார். முறையான வாரிசின்மையால் ஆட்சி அவருக்குப்பின் தம்பியரைச் சேர்ந்தது. மணத்துக்குப் புறம்பான பிள்ளைகளோ பலர்.

மாளிகைகள், இசைநாடகம், வேட்டை என விரிந்த அவையின் செலவை நாட்டின் வரி மட்டும் தாங்கவில்லை. ஆதலின் மனிதரே விலைப்பொருளாயினர். ஏழாண்டுப் போரின்போது பிரான்சின் பணத்துக்காகக் குடியானவர் பலவந்தமாகப் படையிற் சேர்க்கப்பட்டனர். எதிர்த்த சட்ட அறிஞர் மோசர் 1759 முதல் 1764 வரை விசாரணையின்றிச் சிறையிருந்தார். 1778இல், தமது ஐம்பதாம் பிறந்தநாளில், தவறுகளை ஒப்புக்கொண்டு திருந்துவதாகக் கோமகன் விடுத்த அறிக்கை தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1786இல், ஏறத்தாழ 2000 வீரர் கொண்ட படைப்பிரிவொன்றை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு அவர் விலைபேசிக் கொடுத்தார்.

தனிமனிதனின் மனமாற்றம் வர்க்கநலனை வெல்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவருடைய மணத்துக்குப் புறம்பான மகனான பிரெடெரிக் வொன் பிராங்கெமொனும் அப்படையிற் சென்றார். அவர் பின்னாளில் வூர்ட்டெம்பேர்க்கின் போர் அமைச்சரானார். சாதாரண வீரருள் ஊர் மீண்டோர் மிகச் சிலரே.

1787இல் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்ட இப்படையின் பகுதிகள் 1791 முதல் சாவாவுக்கும் இலங்கைக்கும் மாற்றப்பட்டன. அக்காலத்தில் வலிகாமத்து இணுவில் போன்ற ஊர்களின் மக்கள் நிலவரியாலும் தலைவரியாலும் ஊழியத்தாலும் கொம்பனிக்குக் கட்டுப்பட்டிருந்தனர். ஊழியம் இறுத்த யாழ்ப்பாணக் குடியானவனும் விலைபோன ஜேர்மானியக் குடியானவனும் ஒரே வணிக நிறுவனத்தின் கணக்கேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். ஒருவனை அடக்க மற்றவன் நிறுத்தப்பட்டான். 1795இல் யாழ்ப்பாணமும் 1796இல் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின.

இவ்விற்பனையை இலக்கியம் மறக்கவில்லை. கோமகனின் பள்ளியிற் பயின்ற ஷில்லர், எழுதுவதற்கு விதிக்கப்பட்ட தடையை மீறி 1782இல் நாட்டைவிட்டு ஓடினார். 1784இல் வெளிவந்த ‘சூழ்ச்சியும் காதலும்’ நாடகத்தில், காதலியின் நகைகளுக்காகக் குடிமக்களை அமெரிக்கப் போருக்கு விற்கும் சிற்றரசனைக் காட்டினார். கவிஞர் ஷூபார்ட் 1777 முதல் பத்தாண்டுகள் விசாரணையின்றி அடைபட்டிருந்தார். நன்னம்பிக்கை முனைக்குச் செல்லும் வீரரின் பிரிவுப் பாடலை 1787இல் அச்சிறையிலிருந்தே அவர் இயற்றினார்.

இணுவிற் சின்னத்தம்பிப் புலவரும் ஒல்லாந்தராற் சிறையிடப்பட்டுச் சிவகாமியம்மையைப் பாடினார் என்பது எமது ஊர் வழக்கு. ஒருவர் தெய்வத்திடம் முறையிட்டார். மற்றவர் விலைபோனவரின் குரலிற் பாடினார். இவ்வேறுபாடு ஆற்றலின் வேறுபாடன்று. இரு சமூகங்களின் வளர்ச்சிநிலை வேறுபாடே எனலாம். நகர்சார் நடுத்தர வர்க்கமும் அச்சகமும் ஷூபார்ட்டுக்குக் கேட்போரைத் தந்தன. கோயிலே எமது புலவருக்குக் கிடைத்த பொதுவரங்கு. ஒல்லாந்தர் காலத் தமிழிலக்கியத்தை வெறும் பக்தி இலக்கியமென ஒதுக்குவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.