கட்டிலைச் சுமந்த நால்வர்

கப்பர்நாகூமில் இயேசு பெருமான் போதித்துக்கொண்டிருந்த வீட்டில் நிற்கவும் இடமில்லை. திமிர்வாதக்காரன் ஒருவனைச் சுமந்து வந்த நால்வர் வாசலில் நெருக்கம் கண்டு திரும்பிவிடவில்லை. கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்கினர். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். அந்த நால்வரின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அத்தகைய நால்வர் இன்று நம் பங்குகளில் பெரிதும் தேவைப்படுகின்றனர்.

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூரைச் சரித்திரம் பயின்றோர் அறிவர். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த சத்துருமல்லேசுவரம் அங்கே உள்ளது. அத்தகைய சிற்றூர் ஒன்றில் ஓர் இளந்தாயை எண்ணிப் பார்ப்போம். பிறந்து நான்கு திங்களே ஆன அவள் மகவின் தலை உடலினும் விரைந்து வளர்கிறது. உச்சிக்குழி புடைத்து நிற்கிறது. கருவிழிகள் கீழ்நோக்கியே சரிகின்றன. பால் குடித்ததும் குழந்தை வாந்தியெடுக்கிறது. “யார் செய்த பாவமோ?” என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுக்கின்றனர். தாய் குழந்தையைத் துணியால் மூடிக்கொள்கிறாள். கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறாள்.

இதே கேள்வியைப் பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்களும் கேட்டனர். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றோரும் செய்யவில்லை என்பதே ஆண்டவர் தந்த மறுமொழி. ஆகவே விசுவாசிகளாகிய நாம் அக்கேள்வியை மீண்டும் எழுப்புதல் தகாது.

நோயின் தன்மை

மூளையின் உள்ளறைகளில் நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் தெளிந்த நீர் சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, இரத்தத்தில் கலக்கிறது. அதன் வழி அடைபட்டாலோ, நீர் உறிஞ்சப்படாவிட்டாலோ, அது தேங்கி மூளையை நெருக்கும். இதையே தலையில் நீர் கோத்தல் என்கிறோம். மருத்துவர் ஹைட்ரோகெபாலஸ் என்பர். பிறவிக் குறையாலும், குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ஏற்படும் இரத்தக் கசிவாலும், மூளைக் காய்ச்சலாலும், கட்டியாலும் இது வரலாம். உகாண்டா நாட்டு ம்பாலே நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பெஞ்சமின் வார்ஃப், தம்மிடம் வந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்றுநோயே காரணம் எனக் கண்டார். பச்சிளங் குழந்தையின் காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

நோயை அறியப் பெரிய கருவி வேண்டுவதில்லை; அளவு நாடா ஒன்று போதும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 46. தடுப்பூசிக்குச் செல்லும்போதெல்லாம் தலையையும் அளந்து குறிக்குமாறு செவிலியரிடம் கேளுங்கள்.

தந்தையரின் அன்பு

தேங்கிய நீரை மெல்லிய குழாய் வழியே வயிற்றறைக்கு இறக்கிவிடுவதே பெருவழக்கான சிகிச்சை. அக்குழாயையும் அதன் அடைப்பிதழையும் சேர்த்து ஷண்ட் என்பர். சிலருக்குக் குழாயின்றியே, உள்நோக்கிக் கருவியால் மூளையறையில் புதுவழி திறப்பதும் உண்டு.

இக்கருவியின் வரலாற்றில் இரு தந்தையரைக் காண்கிறோம். அமெரிக்காவில் 1955இல் பிறந்த தம் மகனுக்கு இந்நோய் கண்டபோது, தொழில்நுட்பராயிருந்த ஜான் ஹோல்ட்டர், நீர் ஒரு பக்கமாக மட்டுமே செல்லும் அடைப்பிதழை உருவாக்கினார். டாக்டர் யூஜின் ஸ்பிட்ஸ் 1956 முதல் அதைப் பயன்படுத்தினார். ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டால் என்பாரின் கைக்குழந்தை 1960இல் நியூயார்க்கில் வாகனம் மோதித் தலையில் அடிபட்டது. பொருத்திய குழாய் மீண்டும் மீண்டும் அடைபடவே, அவர் பொறியாளர் ஸ்டான்லி வேடையும் மருத்துவர் கென்னத் டில்லையும் இணைத்துப் புதிய அடைப்பிதழ் ஒன்றை உருவாக்கினார். அது 1962இல் பயனுக்கு வந்தபோது அவருடைய மகனுக்கே தேவைப்படவில்லை. பிறர் பிள்ளைகள் பல்லோர் அதனால் பிழைத்தனர். தன் வீட்டுத் துயரிலிருந்து பிறர் வீட்டுக்கு ஒளி ஏற்றுதல் இதுவன்றோ!

நம் நாடும் பின்தங்கவில்லை. லக்னோ மருத்துவர் சாப்ரா வடிவமைத்த ஷண்டை, பன்மடங்கு விலையுள்ள அயல்நாட்டு ஷண்டோடு உகாண்டாவில் ஒப்பிட்டனர். ஓராண்டுப் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்ற முடிவு 2005இல் வெளியாயிற்று. இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். நம் பகுதியினர் புதுவை ஜிப்மரையோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையையோ நாடலாம்.

தையல் பிரித்த பின்னர்

தையல் பிரித்ததும் யாவும் முடிந்தது என்று எண்ணுவதே நம்மவர் செய்யும் பெருந்தவறு. ஷண்ட் எந்த வயதிலும் அடைபடலாம். தலைவலி, வாந்தி, மிகுந்த உறக்கம், பார்வை மங்கல், நடைத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். காய்ச்சலோ, குழாய் செல்லும் வழியில் சிவப்போ காணின் தொற்று இருக்கலாம். இவற்றைப் பித்தம் என்றும் கண்ணேறு என்றும் கருதி ஓரிரவு காத்திருப்பதும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

பிள்ளை வளர வளரக் கவலையின் வடிவம் மாறுகிறது. சரளமாகப் பேசும் சிறுவன் கணக்கில் தடுமாறலாம், சொன்னதை மறக்கலாம். அவனைச் சோம்பேறி என ஆசிரியர் கடிந்துகொள்ளலாகாது. பாடத்தைச் சிறு பகுதிகளாக்கிப் பொறுமையுடன் கற்பித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை அளிக்கிறது. பதினெட்டைக் கடந்ததும் குழந்தை மருத்துவரின் பொறுப்பு முடிகிறது. ஆனால் நோய் முடிவதில்லை. ஆகவே, தன் ஷண்டின் வகை, அறுவை நடந்த நாள், மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க இளைஞனைப் பழக்க வேண்டும். தாயின் நினைவில் மட்டுமிருந்த செய்தி, தாய்க்குப் பின் அவனைக் காக்காது.

முதுகெலும்புப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுள் பலருக்கு இந்நோய் உண்டாகிறது. கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், இத்தகைய குழந்தையை முன்பு பெற்ற தாய்க்கு அது மீண்டும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது என்று 1991இல் வெளியான ஆய்வு நிறுவியது. திருமண ஆயத்த வகுப்புகளில் இதைக் கூறுவது நன்று. உட்கொள்ளாத தாயைப் பழிப்பதோ பெரும் அநீதி.

நால்வர் எங்கே?

ஒரு பங்கில் நால்வர் போதும். ஒருவர் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லட்டும். தந்தைக்கு ஒருநாள் கூலி இழப்பும் பெரிது. ஒருவர் காப்பீட்டு அட்டை, ஊனச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு மனு எழுதித் தரட்டும். ஒருவர் மாலையில் பாடம் சொல்லித் தரட்டும். நான்காமவர் ஞாயிறுதோறும் அக்குழந்தையை இரண்டு மணி நேரம் தம் மடியில் ஏந்தட்டும். தாய் திருப்பலி கண்டு, சற்றே ஓய்ந்திருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியத்தாரும் இதை மேற்கொள்ள இயலாதோ?

பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாள், 1993 முதல் உலக நோயாளர் தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று நம் ஆலயத்தில் மூடிய துணியை விலக்கி ஒரு தாய் தன் குழந்தையோடு முன்வரிசையில் அமர்வாளாயின், அதுவே அந்நாளின் சிறந்த காணிக்கை. அதற்கு முதலில் நாம் அவள் வீட்டு வாசலுக்குச் செல்ல வேண்டும். கட்டில் காத்திருக்கிறது, தோள் கொடுப்போம்.