உப்பளமும் உலர்ந்த கால்களும்

புத்தளத்தை அடுத்த பாலாவியில், களப்பின் ஓரமாக வெண்மை பூத்துக் கிடக்கும் உப்பளங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலங்கையில் அரியர். அந்த உப்பின் சுவையை அறிந்தவர் பலர். அதனை வாரும் மனிதரின் கால்களைக் கவனித்தவரோ மிகச் சிலர்.

முழங்காலுக்குக் கீழே கணைக்காலின் முன்புறத்தில் தோல் வெளிறி, சாம்பல் பூசினாற்போற் காணப்படும். நகத்தாற் கீறினால் வெள்ளைக் கோடு விழும். நாட்செல்ல மீன் செதில் போன்ற பொருக்கு எழும்பும். இரவில் தினவு எடுக்கும். சொறியச் சொறியப் புண் உண்டாகும். உப்பளத் தொழிலாளருக்கு மாத்திரமன்று, கற்பிட்டியிற் கரைவலை இழுப்போருக்கும், கரையோரத்து முதியோர் பலருக்கும் இத்துன்பம் உண்டு.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் பரிகாரம் எளிதாகும். தோலின் மேற்படை மிக மெல்லியது. சுவரிலே செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, அங்கே உலர்ந்த கலங்களை ஒருவகைக் கொழுப்புப் பிணைத்து நிற்கிறது. உடலின் ஈரம் வெளியேறாமற் காப்பது இந்தச் சாந்தே. முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி, கணைக்காலிலோ குறைவு. ஆகவே வறட்சி முதலிற் காலையே பற்றுகிறது. வயது ஏற ஏற அந்தச் சுரப்பும் குன்றுகிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அந்நீர் பத்திலொரு பங்காகச் சுண்டும்போதே பாத்தியில் உப்பு மணி கட்டத் தொடங்குகிறது. அத்தகைய செறிந்த நீரில் மணிக்கணக்காக நின்ற கால்மீது, தென்மேற்குக் காற்றும் வெயிலும் சேர்ந்து தாக்கினால் மிஞ்சுவது என்ன? தோலின் ஈரம் போகும். காய்ந்த உப்பு மணிகள் உராய்ந்து மேற்படையையும் தேய்க்கும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுவதே முதற்காரியம். நன்னீர் அருமையான கரையோரக் குடியிருப்புகளில் ஒரு வாளி நீரையாவது காலுக்கென ஒதுக்குவது வீண்செலவு அன்று. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும், தும்பு கொண்டு தேய்ப்பதும், சவர்க்காரத்தை அள்ளிப் பூசுவதும் கூடா. இவை எஞ்சிய கொழுப்பையும் கரைத்துவிடும். வெடித்த காலில் தேசிக்காய்ப் புளி தேய்க்கும் பழக்கமும் தீயது. அதன்மேல் வெயில் பட்டால் தோல் கொப்பளிப்பதுண்டு.

எண்ணெய் தேய்த்து முழுகுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஆனால் வறண்ட காலுக்கு அம்முறையை மாற்றவேண்டும்: முதலில் நீர், பிறகு எண்ணெய். எண்ணெய் தானாக ஈரத்தைக் கொண்டுவந்து தருவதில்லை. உள்ள ஈரத்தை மூடிக் காப்பதே அதன் தொழில். ஆகையால் காலைத் துணியால் ஒற்றி, முற்றாக உலருமுன்பே பூசவேண்டும். காய்ந்து உப்புப் படிந்த காலில் எவ்வளவு பூசினாலும் பயன் சொற்பமே.

எந்த எண்ணெய்? தென்னை வளம் மிக்க இம்மாவட்டத்தார் தொலைவில் தேடவேண்டுவதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோலுடைய 34 பேரின் கால்களிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாளுக்கு இருமுறையாக இரு வாரம் பூசியதில், தூய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெய்க்குச் சமமாகவே பயன் தந்தது. வறட்சி கடுமையாயின் வாசலீன் மேலும் நன்று. காலையில் வேலைக்கு இறங்குமுன் அதனை மெல்லப் பூசிக்கொண்டால் உப்புநீருக்கும் தோலுக்கும் இடையே ஒரு திரையாகும்.

தடித்து வெடித்த குதிகாலைப் "பித்த வெடிப்பு" என்று பெயரிட்டுப் பித்தத்தின்மேற் பழி போடுவார் உளர். பெரும்பாலும் அது வறட்சியும் உடற்பாரமும் சேர்ந்து செய்யும் வேலையே. மருந்துக்கடையிற் கிடைக்கும் யூரியாக் களிம்பு அத்தடிப்பை இளக்கும். கற்பிட்டித் தோட்டக்காரருக்கு யூரியா பழகிய பொருள்தான். அதற்காக உரப்பையிலுள்ளதைக் கரைத்துப் பூசிவிடலாகாது! களிம்பு அளவறிந்து ஆக்கப்பட்டது. புண் திறந்திருக்குமானால் அக்களிம்பும் எரிக்கும்.

இரண்டு சங்கதிகள் மாத்திரம் வீட்டு வைத்தியத்துக்கு அடங்கா. நீரிழிவுக்காரரின் காலில் வியர்வை குன்றித் தோல் வறளும், உணர்ச்சியும் மங்கும். நோவு தெரியாத சிறு வெடிப்பு, அறியாமலே பெரும்புண்ணாகிவிடும். ஆகவே அவர் தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவேண்டும். கண்பார்வை மங்கியவராயின் வீட்டார் பார்த்துச் சொல்லவேண்டும். மற்றொன்று, நிறம் வெளிறி, வியர்க்காமல், தொட்டால் உணராத தேமல். எண்ணெய் பூசி மாதக்கணக்கிற் காத்திருப்பதற்கு அது உரியதன்று, தொழுநோயாக இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே அதை உண்டவர் ஊனமின்றிக் குணமடைகிறார்.