வெங்காயம்: நடவுக் காலமும் அறுவடைக் காலமும்

வெங்காயப் பயிரில் நஷ்டமடைந்த குடியானவர்களை விசாரித்தால், விதை கெட்டது என்பார் சிலர். எரு போதவில்லை என்பார் சிலர். ஆயினும் பல சமயங்களில் நஷ்டத்தின் மூலகாரணம் பருவம் தவறி நட்டதேயாகும். வெங்காயம் ஈரத்தில் வளர்ந்து, வறட்சியில் முற்ற வேண்டிய பயிர். ஆகையால் அறுவடை எக்காலத்தில் நேரும் என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நடவு நாளை ஏற்படுத்திக்கொள்வதே இப்பயிருக்குரிய முறையாகும்.

பகற்பொழுதும் காய் பிடித்தலும்

பயிர்களின் வளர்ச்சியைப் பகற்பொழுதின் நீளமும் ஆளுகின்றது என்பதை 1920-ஆம் வருஷத்தில் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். வெங்காயம் இதற்குச் சிறந்த உதாரணம். குளிர்ந்த வடநாடுகளில் விளையும் பல இனங்கள், பகற்பொழுது சுமார் 14 மணி நேரமாக நீண்டாலன்றிக் காய் பிடிப்பதில்லை. கோயம்புத்தூரிலோ மார்கழியில் பகல் ஏறத்தாழ 11½ மணி. ஆனியிலும் ஏறத்தாழ 12¾ மணியே. அவ்வினங்களை இங்கே விதைத்தால் தாள் செழித்து, கழுத்துத் தடித்து நிற்குமேயன்றிக் காய் பருக்காது. நம் நாட்டுச் சின்ன வெங்காயம் குறுகிய பகலிலும் காய் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே நாம் அஞ்ச வேண்டுவது பகலின் குறைவையன்று, மழையையே ஆகும்.

ஏற்ற பருவங்கள்

பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர் முதலிய ஜில்லாக்களில் சின்ன வெங்காயம் மிகுதியாகப் பயிராகின்றது. நட்ட 65 முதல் 90 நாட்களுக்குள் இது முற்றிவிடும். சித்திரையில் நட்டது ஆடி வாக்கில் அறுவடையாகும். வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது இன்னும் அவகாசமுண்டு. ஐப்பசியில் நட்டது இளம்பயிராக மழையைக் கண்டு, தையில் வெயிலும் பனியுமான நாட்களில் முற்றும். இப்போகத்திற்கு நீர் தேங்காத மேட்டு நிலமும் வடிகாலும் அவசியம்.

இவ்விரு போகங்களுக்கும் மற்றொரு பொருத்தமும் உண்டு. புதிதாக எடுத்த வெங்காயத்தை உடனே நட்டால் ஒரே சீராக முளைப்பதில்லை. அதற்கு ஓய்வு வேண்டும். ஆடியில் எடுத்த காய் ஐப்பசிக்கும், தையில் எடுத்த காய் சித்திரைக்கும் விதையாகும்போது அந்த ஓய்வு தானே கிடைத்துவிடுகின்றது.

ஆவணியில் நட்டவன் நிலை யாது? அவன் பயிர் ஐப்பசி கார்த்திகையில், அடைமழையின் நடுவே முற்றுகின்றது. திருகல் நோயும் ஊதாப்புள்ளி நோயும் ஈரத்தில் பரவுகின்றன. தப்பிய காயையும் உலர்த்த வெயில் கிடையாது.

நடவு

ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இரு பக்கங்களிலும் நான்கு அங்குலத்திற்கு ஒன்றாக விதைக்காயை ஊன்ற வேண்டும். ஏக்கருக்கு சுமார் 600 கிலோ தேவைப்படும். செலவில் பெரும் பங்கு இதுவேயாதலால், அழுகலும் பூசணமும் இல்லாத, நடுத்தரப் பருமனுள்ள காய்களையே பொறுக்கிக்கொள்க. நட்ட உடனே ஒரு தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும், பின்னர் வாரம் ஒரு முறையும் பாய்ச்சினால் போதும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ஆன் 5 என்னும் இனத்தை விதையிலிருந்தே நாற்று விட்டும் பயிரிடலாம். ஏக்கருக்கு சுமார் 1 கிலோ விதை போதும். ஆனால் நாற்றங்கால் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவடை

தாள் மஞ்சளித்து, கழுத்து இளகி, பாதிக்குமேற்பட்ட செடிகள் தாமாகவே சாய்வது முற்றியதன் அடையாளம். அதற்குச் சுமார் பத்து நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்திவிடல் நலம். விலை ஏறியிருக்கின்றது என்று பச்சைத்தாளுடன் பிடுங்குவோர் உடனே விற்றுவிட வேண்டும். அக்காய் கழுத்து மூடாதது, சேமிப்பில் நிலைக்காது. அதையே அடுத்த போகத்திற்கு விதையென்று எடுத்து வைப்பவர், கைமுதலையே அழுக விடுகின்றனர்.

பிடுங்கிய வெங்காயத்தை வயலிலேயே வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் காயை அடுத்த வரிசையின் தாள் மூடுமாறு அடுக்கி, மூன்று நான்கு நாள் உலர்த்துக. நேர் வெயில் பட்டால் காய் வெந்துபோகும். பின்னர் பட்டறையில் சேமிக்கலாம். பட்டறை தரையில் படாமல் கற்களின்மேல் உயர்ந்திருக்க வேண்டும். நாற்புறமும் காற்று ஊடாட வேண்டும். மேலே கூரை மழையைத் தடுக்க வேண்டும். அடிக்கடி பார்த்து அழுகியவற்றை நீக்குக.

நிலத்தைத் திருத்தலாம், எருவை வாங்கலாம், தவறிய பருவத்தை எவரும் திரும்பப் பெற இயலாது. ஆகவே விதைக்காயைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொருவரும் பஞ்சாங்கத்தை எடுத்து, எழுபத்தைந்து நாள் தள்ளி எண்ணி, அந்நாள் மழை நாளா, வெயில் நாளா என்று பார்த்துக்கொள்வாராக.