இயக்கத்தொடர் அதிர்வு

இயக்கத்தொடர் அதிர்வு என்பது, ஊர்தியின் எஞ்சினிலிருந்து சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் உறுப்புகளில் தோன்றி, தளத்திலும் இருக்கையிலும் ஸ்டியரிங் சக்கரத்திலும் உணரப்படும் நடுக்கம் ஆகும். எஸ்யூவி வகை ஊர்திகளில் அச்சு பழுதுபார்க்கப்பட்ட பின்னர் இது தோன்றுவது உண்டு. பழுது நீக்கும்போது கழற்றப்பட்ட உறுப்பு ஒன்று பழைய நிலையில் மீண்டும் பொருத்தப்படாமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைகிறது. அதிர்வின் மூலத்தை அறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவில் முடிவதுடன், உண்மையான பழுது தொடர்ந்து வளரவும் இடமளிக்கும்.

அமைப்பு

உறுதியான பின்னச்சு கொண்ட நாற்சக்கர இயக்க எஸ்யூவியில், எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டி வழியாக டிரான்ஸ்ஃபர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து முன், பின் செலுத்துத்தண்டுகள் அச்சுகளுக்குச் செல்கின்றன. அச்சிலுள்ள பினியன், கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. டிஃபரென்ஷியலின் இரு புறமும் உள்ள அச்சுத்தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. செலுத்துத்தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் மூட்டுகள் உள்ளன. தனித்தொங்கல் கொண்ட முன்புறத்தில், அச்சுத்தண்டுகளின் முனைகளில் சீர்வேக மூட்டுகள் பயன்படுகின்றன.

யுனிவர்சல் மூட்டு கோணத்தில் இயங்கும்போது, உள்ளீட்டு வேகம் சீராக இருந்தாலும் வெளியீட்டு வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறைகிறது. கோணம் 10 பாகையாயின் இம்மாற்றம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கூடியும் குறைந்தும் அமையும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாகவும், தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தால், முதல் மூட்டில் தோன்றும் மாற்றத்தை இரண்டாவது மூட்டு ஈடுசெய்துவிடும். அச்சுப் பழுதுபார்ப்பில் குலைவது பெரும்பாலும் இச்சமநிலையே ஆகும்.

அதிர்வெண்ணைக் கொண்டு கண்டறிதல்

ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், அதிர்வின் எண்ணிக்கை அதன் மூலத்தைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர், அச்சுப் பல்விகிதம் 4.1 எனக் கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதிர்வுகள் பின்வருமாறு அமையும்:

- சக்கரம், டயர், பிரேக் வட்டு: நொடிக்கு ஏறத்தாழ 13
- சமநிலையற்ற அல்லது வளைந்த செலுத்துத்தண்டு: நொடிக்கு ஏறத்தாழ 52
- கோணம் பிழையான யுனிவர்சல் மூட்டு: நொடிக்கு ஏறத்தாழ 104

முதலாவது, உடலை ஆட்டும் மெதுவான நடுக்கமாக இருக்கும். மற்றவை தளத்தில் உணரப்படும் விரைவான அதிர்வாகவோ, காதில் விழும் முரல் ஒலியாகவோ இருக்கும். அதிர்வை அளக்கும் கருவி இருப்பின் இவற்றைத் துல்லியமாகப் பிரித்தறியலாம்.

சாலைச் சோதனை

அதிர்வு தோன்றும் வேகம், கியர், ஆக்சிலரேட்டரின் நிலை ஆகியவை குறித்துக்கொள்ளப்படுகின்றன.

- ஒரே சாலை வேகத்தில் கியரை மாற்றினாலும் அதிர்வு மாறாவிடில், மூலம் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ளது. எஞ்சின் வேகத்தைத் தொடர்ந்து அதிர்வு மாறினால், எஞ்சினையோ கிளட்சையோ அவற்றின் தாங்கு ரப்பர்களையோ ஆராய வேண்டும்.
- ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நடுங்கி, விட்டவுடன் நின்றால், உட்புறச் சீர்வேக மூட்டின் தேய்வோ பினியன் கோணப் பிழையோ காரணமாகலாம்.
- ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஒலி மாறினால், பினியன் பேரிங்குகளையும் பல்லிடைத் தளர்வையும் சோதிக்க வேண்டும்.
- திரும்பும்போது 'டக் டக்' என்ற ஒலி எழுந்தால் வெளிப்புறச் சீர்வேக மூட்டு தேய்ந்திருக்கலாம். நேர் ஓட்டத்தில் எழும் உறுமல் ஒலி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மாறினால் சக்கரப் பேரிங் ஐயத்துக்குரியது.
- பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் தோன்றினால் அது பிரேக் வட்டைச் சார்ந்தது.

பழுதுபார்ப்பால் ஏற்படும் காரணங்கள்

செலுத்துத்தண்டு: கழற்றுமுன் அடையாளமிடப்படாத தண்டு, வேறு நிலையில் பூட்டப்பட்டிருக்கலாம். நழுவு மூட்டின் வரிப்பள்ளம் ஒரு பல் தவறினாலும் கவைகள் ஒரே தளத்தில் அமையா. சமநிலைக்காகப் பற்றவைக்கப்பட்ட எடைத்தகடு உதிர்ந்திருப்பதும் உண்டு.

பினியன் கோணம்: பட்டை வில்லுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள ஆப்பு திருப்பி வைக்கப்பட்டாலோ, வில்லின் மையப் போல்ட் தனது குழியில் அமராவிட்டாலோ அச்சு சாய்ந்துவிடும். சாதாரண இரு மூட்டுத் தண்டில், மூட்டுக் கோணங்கள் ஒன்றுக்கொன்று 1 பாகைக்குள் சமமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல் ஆகும். டிரான்ஸ்ஃபர் பெட்டிப் பக்கம் இரட்டை மூட்டு உள்ள தண்டுகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றில் பினியன் ஏறத்தாழத் தண்டின் திசையிலேயே நோக்கியிருக்க வேண்டும்.

பினியன் முன்சுமை: நசுங்கு வளையம் கொண்ட அச்சுகளில், பினியன் நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டால் பேரிங் சூடேறிக் கெடும். பின்னர் நட்டைத் தளர்த்துவதால் இது சரியாகாது. புதிய வளையம் இட்டு, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசையை அளந்து இறுக்க வேண்டும்.

அச்சுத்தண்டும் சக்கரமும்: மாற்று அச்சுத்தண்டின் நீளம் வேறுபடுதல், மூட்டு முழுதாக உட்செல்லாமை, ஹப் முகத்தில் படிந்த துரு ஆகியவற்றாலும் அதிர்வு ஏற்படும். துரு மேல் பொருத்தப்பட்ட சக்கரம் கோணலாகச் சுழலும்.

பல்விகித வேறுபாடு: அச்சு முழுவதுமாக மாற்றப்பட்டிருப்பின், முன், பின் அச்சுகளின் பல்விகிதம் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வேறுபட்டால், நாற்சக்கர இயக்கத்தில் இயக்கத்தொடர் முறுக்கேறி டிரான்ஸ்ஃபர் பெட்டி சேதமடையும்.

சோதிக்கும் வரிசை

எளிதானவற்றை முதலில் சோதிப்பது வழக்கம்.

1. டயர் காற்றழுத்தம், சக்கர நட்டுகள், சக்கரத்தில் ஒட்டிய சேறு, உதிர்ந்த எடைகள்.
2. அச்சு நட்டு, வில்லின் யூ-போல்ட்டுகள், கியர் பெட்டித் தாங்கு ரப்பர்.
3. யுனிவர்சல் மூட்டுகளின் தளர்வு, கவைகளின் தளம்.
4. ஊர்தியின் எடை சக்கரங்களின்மீது இருக்கும் நிலையில், கோணமானியால் மூட்டுக் கோணங்கள்.
5. டயல் அளவியால் செலுத்துத்தண்டு, பினியன் விளிம்பு ஆகியவற்றின் கோணல்.

இவற்றில் குறை காணப்படாவிடில், பினியன் விளிம்பில் தண்டை 180 பாகை திருப்பிப் பூட்டி மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு குறைந்தால், தண்டின் சமநிலைப் பிழையும் விளிம்பின் கோணலும் முன்பு ஒன்றுசேர்ந்திருந்தன என அறியலாம். அமைப்பு இடமளிக்கும் ஊர்திகளில், முன் செலுத்துத்தண்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கர இயக்கத்தில் ஓட்டுவதும் மூலத்தைப் பிரித்தறிய உதவும்.

பாதுகாப்பு

பழுதுக்குப் பின் புதிதாகத் தோன்றிய அதிர்வைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டுவது ஆபத்தானது. தளர்ந்த அச்சு நட்டு சக்கரப் பேரிங்கைச் சிதைக்கும். ஓட்டத்தில் செலுத்துத்தண்டின் முன்முனை கழன்றால் அது சாலையில் குத்தி ஊர்தியை நிலைகுலையச் செய்யக்கூடும். அதிர்வு திடீரென மிகுந்தாலோ, அச்சுப் பெட்டி மிகையாகச் சூடேறினாலோ ஊர்தியை நிறுத்திவிட வேண்டும். ஊர்தியைத் தூக்கி வைத்துச் சக்கரங்களைச் சுழற்றிச் சோதிக்கும்போது, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளைப் பயன்படுத்துவதும், சுழலும் தண்டிலிருந்து விலகி நிற்பதும் இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்க

- யுனிவர்சல் மூட்டு
- சீர்வேக மூட்டு
- டிஃபரென்ஷியல்
- நாற்சக்கர இயக்கம்