தரைக்கு மேலே கடைசி ஒரு கிலோமீட்டர்

நியூயார்க் நகரத்தில் ஜனவரி மாதம் பெய்யும் மழையின் துளிகளில் பெரும்பாலானவை பனியாகப் பிறந்தவை. நான்கைந்து கிலோமீட்டர் உயரத்து மேகத்தில், உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் அவை அறுகோணப் படிகங்களாக உருவாகின்றன. பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செதில்களாக இறங்குகின்றன. தரையை நெருங்கும்போது கடலிலிருந்து வந்த இதமான காற்றுக்குள் நுழைந்துவிட்டால் உருகி மழையாகும். நுழையாவிட்டால் வெண்பனியாகவே வந்து படியும். (நம் ஊரில் பனி பெய்கிறது என்றால் அது மார்கழி விடியலில் புல்லை நனைப்பது. அதோடு குழம்பாமல் இருக்க வெண்பனி என்றே சொல்கிறேன்.) ஆக, மழையா வெண்பனியா என்ற வழக்குக்கு மேகத்தில் தீர்ப்பு கிடைப்பதில்லை, தரைக்கு மேலே உள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான் கிடைக்கிறது. அந்தத் தீர்ப்புக்காக அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வானிலை ஆர்வலர்கள் குளிர்கால இரவுகளில் கண்விழித்திருக்கிறார்கள். இதை வெட்டிப்பொழுது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ரேடாரும் செயற்கைக்கோளும் வைத்து அரசு பார்க்கும் வேலையை இவர்கள் ஏன் வீட்டு ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி நிற்கும் நேரத்தில், விலையுயர்ந்த கருவிகள் கோட்டைவிடும் ஒன்று ஜன்னலில் நிற்பவரின் கண்ணில் படுகிறது என்பதே என் பதில்.

இந்த ஆர்வலர்களின் பேச்சில் ‘மழை–பனிக் கோடு’ என்ற சொல் ஓயாமல் அடிபடும். வாஷிங்டன், பால்ட்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், பாஸ்டன் ஆகிய பெருநகரங்களை இணைக்கும் ஐ-95 நெடுஞ்சாலையை ஒட்டியே அந்தக் கோடு பலமுறை விழுகிறது. சாலைக்கு மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர், அதன் இப்புறம் தேங்கி நிற்கும் குளிர்காற்று. கிழக்கே அட்லாண்டிக் கடல், ஜனவரியிலும் அதன் நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே கரையோரமாக வடக்கு நோக்கி ஓடுகிறது ‘நார் ஈஸ்டர்’ எனப்படும் வடகிழக்குப் புயல். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, 40 டிகிரி வட அட்சமும் 70 டிகிரி மேற்குத் தீர்க்கமும் சந்திக்கும் இடத்தை ஆர்வலர்கள் ஓர் அளவுகல்லாக வைத்திருக்கிறார்கள். புயல் அதை ஒட்டிப் போனால் நகரங்களுக்கு நல்ல வெண்பனி. கரைப்பக்கம் நெருங்கினால் கடற்காற்று உள்ளே புகுந்து எல்லாம் மழையாகிவிடும். வெளியே விலகினால் ஒன்றுமே இல்லை. வானிலையைக் கணிக்கும் அமெரிக்கக் கணினி மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. அதன் இரவுக் கணிப்பு அங்கே பத்தரை மணி வாக்கில் வரத் தொடங்கும், ஐரோப்பிய மாடலின் கணிப்பு வர நள்ளிரவு தாண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடல் தாழ்வு நிலை எங்கே கரை தொடும் என்று சென்னையில் இதே இரண்டு மாடல்களைப் பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரிந்ததுதான். ஆனால் சென்னைக்கு இல்லாத ஒரு சிக்கல் அங்கே உண்டு. எவ்வளவு பெய்யும் என்பது தெரிந்த பிறகும், என்ன பெய்யும் என்பது பாக்கியிருக்கும். 25 மில்லிமீட்டர் நீர் மழையாக வந்தால் சாக்கடையில் ஓடிவிடும். வெண்பனியாக வந்தால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்து ஒரு பெருநகரத்தையே நிறுத்திவிடும்.

வெப்பமானியைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. பூஜ்ஜியத்துக்கு மேலே மழை, கீழே வெண்பனி என்று இயற்கை கோடு கிழித்துக்கொண்டு நடப்பதில்லை. வடக்கு அரைக்கோளத்தின் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மழைக்கும் வெண்பனிக்கும் சரிபாதி வாய்ப்புள்ள வெப்பநிலை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் என்று கண்டது. ஆனால் இடத்துக்கு இடம் அது பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழிருந்து 2.4 டிகிரி வரை மாறுகிறது. காரணம் ஈரப்பதம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த காற்றில் விழும் செதிலிலிருந்து நீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது செதிலையும் சுற்றியுள்ள காற்றையும் குளிரவைக்கிறது. அதனால் வறண்ட உள்நாட்டில் மூன்று டிகிரியில்கூட வெண்பனி விழலாம், ஈரம் ததும்பும் கடற்கரையில் ஒரு டிகிரியிலேயே மழையாகிவிடலாம். இன்னொன்றும் உண்டு. பனி உருகுவதற்கே வெப்பம் வேண்டும், அதைக் காற்றிடமிருந்துதான் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ பனி உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை இழந்தால், முந்நூறு கிலோவுக்கும் அதிகமான காற்று ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். ஆகவே பொழிவு வலுத்தால், மேலிருந்து வரும் செதில்கள் தாங்களே உருகி வழியைக் குளிரவைத்துவிடும். பின்னால் வருபவை உருகாமல் தரை சேரும். அப்படித்தான் அரைமணி நேரம் முன்பு வரை மழை கொட்டிய தெருவில், வெப்பமானி அரை டிகிரிகூட இறங்காத நிலையில், திடீரென்று வெள்ளை விழத் தொடங்குகிறது. பொழிவு தளர்ந்தால் மறுபடி மழை.

தரை மட்டத்தில் குளிரும் அதற்கு மேலே ஒரு வெதுவெதுப்பான அடுக்கும் அமைந்துவிட்டால் கதை இன்னும் முறுக்கிக்கொள்கிறது. அந்த அடுக்கில் உருகிய துளி கீழே வரும்போது மறுபடி உறைந்தால், அரிசி அளவுப் பனிப்பரலாக ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று மோதித் தெறிக்கும். உறைய நேரமில்லாமல் நீராகவே வந்து, குளிர்ந்த கிளையிலும் கம்பியிலும் பட்ட கணத்தில் உறைந்தால் அது உறைமழை. பார்வைக்குச் சாதாரண மழைதான். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால்தான் கண்ணாடிப் பூச்சு தெரியும். எல்லாவற்றிலும் கொடியது இதுவே. 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் சுற்றுவட்டாரங்களிலும் நாட்கணக்கில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன, லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. 2013 கிறிஸ்துமஸுக்கு முன்பு டொரன்டோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவும் அதில் கடுமையாக அடிபட்டது. வெண்பனி, பனிப்பரல், உறைமழை, மழை ஆகிய நான்கும் ஒரே மேகத்தின் பிள்ளைகள். எது எங்கே விழும் என்பதைச் சில நூறு மீட்டர் தடிமனுள்ள ஒரு காற்றடுக்கு முடிவு செய்கிறது.

அந்த அடுக்கைக் கருவிகள் எப்படிப் பார்க்கின்றன? ரேடாரின் கதிர் நேராகச் செல்ல, பூமி வளைந்து கீழே இறங்குகிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் மிகத் தாழ்வான கதிர்கூடத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். அங்கே பனி இருப்பதை அது சரியாகச் சொல்லும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. செயற்கைக்கோளுக்கும் மேகத்தின் அடி சரியாகத் தெரிவதில்லை. காற்றடுக்கை நேரடியாக அளக்கும் பலூன்கள் வழக்கமாக நாளுக்கு இரண்டே முறை பறக்கின்றன. நியூயார்க் வட்டாரத்துக்கான பலூன் லாங் ஐலண்டின் அப்டனிலிருந்து கிளம்புகிறது, மன்ஹாட்டனிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி. தானியங்கி நிலையங்கள் மழையையும் வெண்பனியையும் பிரித்தறியும், பனிப்பரலும் கலப்புப் பொழிவும் வந்தால் தடுமாறும். இந்த ஓட்டையை அரசு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டதன் விளைவுதான் ‘எம்-பிங்’ என்ற இலவசச் செயலி. அமெரிக்கக் கடும்புயல் ஆய்வகம் 2012 டிசம்பரில் அதை வெளியிட்டது. பெயர் கேட்பதில்லை, பட்டம் கேட்பதில்லை. வெளியே பார்த்து, விழுவது என்ன என்பதைத் தொட்டு அனுப்பினால் போதும். நேரமும் இடமும் சேர்ந்து போய்விடும். லட்சக்கணக்கில் சேர்ந்த அந்தத் தகவல்களைக் கொண்டு, ரேடாரும் மாடலும் சொல்லும் பொழிவு வகை சரிதானா என்று சோதிக்கிறார்கள்.

ஆர்வலர்கள் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் கனமானது, அவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர் என்பது. உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் வெண்பனியை விரும்புகிறவர்கள், பத்து மாடல் படங்களில் எது அதிகப் பனி காட்டுகிறதோ அதையே நம்பவும் பரப்பவும் தூண்டப்படுகிறவர்கள். ஐந்து நாட்களுக்கு முந்தைய ஒற்றை வரைபடம் ஊரெல்லாம் சுற்றி, கடைகளில் ரொட்டியும் பாலும் காலியாவதும் நடக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சலனம் சம்பளம் வாங்குகிறவர்களையும் விடவில்லை. 2017 மார்ச் 14 புயலுக்கு நியூயார்க் நகரில் ஓரடி முதல் இரண்டடி வரை வெண்பனி என்று தேசிய வானிலைச் சேவை அறிவித்திருந்தது. முந்தைய நாளே, கடற்காற்று புகுந்து பனிப்பரலாக மாறக்கூடும் என்ற அறிகுறிகள் அதன் வல்லுநர்களுக்குத் தெரிந்தன. கணிப்பைக் குறைத்தால் மக்கள் புயலை லேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி, பெரிய எண்ணையே வைத்துக்கொண்டார்கள். சென்ட்ரல் பூங்காவில் விழுந்தது ஏழரை அங்குலத்தை ஒட்டி. உள்நாட்டில் பிங்ஹாம்டன் வட்டாரத்தில் மூன்றடி அளவுக்குக் கொட்டியது. புயல் பொய்க்கவில்லை, கோடு சில பத்துக் கிலோமீட்டர் உள்ளே நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு என்றாலும் அது தவறான முடிவு என்றே கருதுகிறேன். கோடு எங்கே என்று உறுதியாகத் தெரியாதபோது அந்த உறுதியின்மையைத்தான் மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விருப்பம் கணிப்பைக் கெடுக்கும் என்பது சரி, அவதானிப்பையும் அதே அளவுக்குக் கெடுக்குமா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் ஆர்வலர்களை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஐந்து நாள் கழித்து நடக்கப்போவதில் ஆசைக்கு இடமுண்டு. தெருவிளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் இப்போது விழுவதில் அதற்கு இடம் குறைவு. மழை ஒளியில் நேர்கோடுகளாகக் கீறிக்கொண்டு இறங்கும். செதில் கலந்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவே சில புள்ளிகள் மட்டும் வேகம் குறைந்து, தயங்கி, பக்கவாட்டில் அலையும். கறுப்புக் கம்பளிக் கையை நீட்டினால் ஒரு கணம் நிற்கும் வடிவமா, உடனே ஊறும் ஈரமா, துள்ளி விழும் பரலா என்பது தெரிந்துவிடும். ஒருவர் தவறாகவோ ஆசையாலோ வெண்பனி என்று அனுப்பினாலும், அதே வட்டாரத்தின் இருபது பேர் மழை என்று அனுப்பியிருப்பார்கள். எண்ணிக்கையே இங்கே ஒரு காவல். என்னைக் கேட்டால், நள்ளிரவில் மாடல் படத்தை நாற்பதாவது முறை பார்ப்பதைவிட, வாசலுக்கு வந்து விளக்கடியில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். ஆர்வலர்கள் தங்கள் ஆர்வத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றே விரும்புகிறேன்.

கணினி இதையெல்லாம் ஒருநாள் கற்றுக்கொண்டுவிடும் என்பார்கள். முயன்று பார்த்திருக்கிறார்கள். தரைமட்ட வெப்பத்தையும் ஈரத்தையும் கொடுத்து, மழையா வெண்பனியா என்று இயந்திரக் கற்றலிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2025-இல் வந்தது. பழைய வாய்பாடுகளைவிட அது பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை. ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரத்திலும் மழையும் பெய்கிறது, வெண்பனியும் பெய்கிறது. எண்களுக்குள் விடை இல்லாதபோது எந்த இயந்திரமும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

பூமி சூடாகச் சூடாக, இந்த எல்லைக்கோட்டில் நிற்கும் ஊர்கள் இனி கூடவும் செய்யும். சராசரிக் குளிர் மைனஸ் பத்து டிகிரியாக உள்ள ஊர் ஒரு டிகிரி வெப்பமானாலும் அங்கே வெண்பனிதான். பூஜ்ஜியத்தில் நிற்கும் ஊருக்கு அதே ஒரு டிகிரி குளிர்காலத்தையே மாற்றிவிடும். 2022–23 குளிர்காலம் முழுவதும் சென்ட்ரல் பூங்காவில் சேர்ந்த வெண்பனி 2.3 அங்குலம், 1869 முதலான பதிவுகளில் அதுவே மிகக் குறைவு. ஒரே நாளில் ஓரங்குலமாவது விழ அந்நகரம் 701 நாட்கள் காத்திருந்து, 2024 ஜனவரி 16 அன்றுதான் கண்டது. ஓரிரு குளிர்காலத்தை வைத்துப் பருவநிலைக்குத் தீர்ப்பெழுத முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், இதே கேள்வி குடிநீர்க் கேள்வியாகிறது. மாநிலத்தின் நீர்த்தேவையில் சுமார் 30 சதவீதம் அந்த மலைகளின் பனியிலிருந்து கிடைக்கிறது. வெண்பனியாக விழுந்தால் கோடைவரை மலையே அதைச் சேமித்து வைத்திருக்கும். மழையாக விழுந்தால், கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு ஒரே நாளில் அணைக்கு வந்து சேரும். 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் கலிங்கு சிதைந்து, சுமார் 1,88,000 பேரை வெளியேறச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் இருந்த குறைகளே முதற்காரணம். ஆனால் நீர் அத்தனை வேகமாக வந்ததற்கு, மலைச்சரிவில் வெகு உயரம் வரை பழைய பனி மீது மழை பெய்ததும் காரணம். நாசாவின் நிதியுதவியோடு ‘மலையில் மழையா பனியா’ என்ற பொருளில் பெயரிட்ட ஒரு திட்டம் இப்போது அம்மலைகளிலும் பிற மலைகளிலும் நடக்கிறது. மலைவாசிகளும் பனிச்சறுக்கு விளையாட வந்தவர்களும் கைபேசியில் மூன்றில் ஒன்றைத் தொடுகிறார்கள்: மழை, வெண்பனி, கலப்பு. அவர்கள் அனுப்பியவற்றோடு ஒப்பிட்டபோது, உறைநிலையை ஒட்டிய பொழிவில் செயற்கைக்கோள் கணிப்புகள் எங்கே தவறுகின்றன என்பது வெளிப்பட்டது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு வீட்டு முற்றம், நேற்று வரை வழவழப்பாகக் கிடந்த வெண்பனி. இன்று அதன் மேல்தோலில் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் விழத் தொடங்கியிருக்கும். அந்த வீட்டுக்காரர் ‘மழை’ என்பதைத் தொடுவார்.